பஞ்சாயத்து ரேடியோவின் அறிவிப்பாளர்

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் வானொலி நிலையம் நடந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். ஒரு மாதம் போல நடந்தது. அதன் இயக்குநர் என் தாய்மாமா. அறிவிப்பாளர் என் அம்மா. ஊர் முழுக்க நேயர்கள். அது எங்கள் வீட்டு நிலையம் என்பது மட்டும் அந்த நேயர்கள் யாருக்கும் தெரியாது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் அந்த வருஷம் உலகத்துக்கே தெரிந்துபோயிற்று. அதைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு, ஆடி மாதத்தில், அதே பக்கத்தில், பென்னலூரை அடுத்த எங்கள் ஊரில் இடி விழுந்த கதை.

அப்போது எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. ஊர் நடுவே ஓர் அறை, அதற்குள் ரேடியோப் பெட்டி, கூரைக்கு மேலே கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர், சுற்றிலும் நாலைந்து சிமெண்ட் பெஞ்சு. ஒரு செடிகூடக் கிடையாது, ஆனாலும் அதற்கு ரேடியோ பார்க் என்று பெயர். சாயந்திரம் ரேடியோவைப் போட்டு, விவசாய நிகழ்ச்சி, பாட்டு, செய்தி எல்லாம் முடிந்ததும் அணைத்துப் பூட்டிவிட்டு வருவதுதான் மாமாவின் உத்தியோகம். எங்கள் வீட்டில் தங்கித்தான் அந்த உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் சும்மா இருப்பதும் அந்த உத்தியோகத்தில் சேர்த்திதான் என்பது அவருடைய கட்சி.

சம்பளம் பெரிதாக இல்லை. ஆனால் சர்க்கார் வேலை. அந்த இரண்டு வார்த்தைக்காக ஒரகடத்தில் ஒரு பெண்ணின் அப்பா, ஆவணியில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் ஒரகடம் என்றால் வேர்க்கடலைக் கொல்லைதான் ஞாபகம் வரும். கார் கம்பெனி எல்லாம் யாருடைய கனவிலும் வரவில்லை. அந்தப் பெரியவர் பெண் பார்த்த அன்றே, 'வேல கீதுன்னாதான் பொண்ணு' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் காபி கொடுக்கச் சொன்னாராம்.

ஆடியில் ஒரு சாயந்திரம் மழையோடு இடி இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரேடியோப் பெட்டி மட்டும் கருகிப்போயிற்று. சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் சேதமில்லை, ரேடியோதான் வாயைத் திறக்கவில்லை. பூந்தமல்லி மெக்கானிக் வந்து மோந்து பார்த்துவிட்டு, சாமான் கிடைக்க ஒரு மாசம் ஆகும் என்றார்.

பஞ்சாயத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்து ஊர் ரேடியோ இப்படித்தான் ரிப்பேருக்கென்று ஒன்றிய ஆபீசுக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்துவிட்டதே, இனி இதற்கு ஓர் ஆள் எதற்கு என்று சொல்லி ஆபரேட்டரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இப்போது சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். மாமா மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, விஷயத்தை வெளியே சொல்லாதே என்று கெஞ்சி அனுப்பினார். கல்யாணம் முடிகிறவரை அந்த ஸ்பீக்கர் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரை எடுத்துப்போய் ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துப் பார்த்தார். கொர்ரென்ற இரைச்சல் தவிர ஒன்றும் வரவில்லை. பிறகுதான் அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் மாமா பூந்தமல்லியில் ஒரு கேசட் பதிவுக் கடையில் இருந்தார். அந்தக் கடை எண்பத்து நாலில் திறந்து எண்பத்தாறில் மூடிக்கொண்டது. மூடும்போது மிஞ்சிய கேசட்டுகளும் இரண்டு பழைய டேப் ரிக்கார்டர்களும் மாமாவிடம் வந்து சேர்ந்தன. மறுநாள் சாயந்திரம் ரேடியோ அறையின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, ஒரு ரிக்கார்டரை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து ஒரு கேசட்டைப் போட்டுவிட்டார்.

பாட்டு வந்தது. அடுத்த பாட்டும் வந்தது. நடுவில் பேச்சே இல்லை. பார்க்குக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சத்தம் போட்டார்.

"இன்னாபா, ஸ்டேஷன்ல பேசறவங்கல்லாம் லீவுல பூட்டாங்களா?"

மாமா முகம் வெளிறி வீட்டுக்கு வந்தார். அவரே பேசலாம் என்றால், பெஞ்சில் ஏறி ஆடும் பிள்ளைகளைத் தினமும் அந்தக் குரலில்தான் விரட்டுவார். ஊருக்கே பழக்கமான குரல். என்ன செய்வது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவரிடம் அம்மா, அரிசி களைந்துகொண்டே, "நான் பேசட்டா?" என்று கேட்டாள்.

அம்மா பத்தாவது வரை படித்தவள். பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் அவளை முந்த ஆள் கிடையாது என்று மாமா சொல்வார். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தபிறகு அவள் பேசியதெல்லாம் கோழியிடமும் என்னிடமும்தான். அப்பா கெட்டவர் இல்லை. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் முதல் ஷிப்ட். விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடிக்க ரோட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வந்ததும் அம்மா எதையாவது சொல்ல ஆரம்பிப்பாள். அவர் 'சரி சரி' என்று சொல்லிக்கொண்டே டிரான்சிஸ்டரைத் திருகுவார், இல்லாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பார்க்குக்குக் கிளம்பிவிடுவார். அம்மா ஒரு வாக்கியத்தை முடித்து நான் பார்த்ததில்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிவு மத்தியான வேளையில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் ஓடி வந்துவிடுவேன். ஜன்னலுக்குப் போர்வை, கதவிடுக்கில் கோணி. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரிக்கார்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். அந்திச் சாரல் நிகழ்ச்சியில் மீண்டும் உங்களைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் யார் என்று இருந்தது. காலையில் 'சனியனே, வந்து தல பின்னிக்க' என்று கத்திய அதே வாய்தான். அச்சடித்த மாதிரி ஒரு தமிழ், அவசரமில்லாத ஒரு குரல். முந்தின நாள் நிகழ்ச்சியே இல்லாதபோது 'மீண்டும்' என்று எப்படிச் சொல்லலாம் என்று மாமா கேட்டதற்கு, "கம்முனு இர்றா, ரேடியோல அப்டிதான் சொல்லுவாங்க" என்றாள்.

அன்று சாயந்திரம் ஒரு ரிக்கார்டரில் அம்மாவும் இன்னொன்றில் பாட்டுமாக மாமா மாற்றி மாற்றிப் போட்டார். ஊரே கேட்டது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கூம்பு ஸ்பீக்கரில் வந்தால் யார் குரலும் கொஞ்சம் மாறித்தான் கேட்கும். தவிர, எங்கள் அம்மா இப்படிப் பேசுவாள் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்கள்?

ஒரே ஒரு சிக்கல் வந்தது. டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்கள் வீட்டில் எவ்வளவு திருகியும் அந்திச் சாரல் கிடைக்கவில்லை. மாமா கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

"அது பஞ்சாயத்து ரேடியோக்குன்னே தனியா வுடறாங்க. வூட்டு பொட்டில வராது."

இதைவிட நல்ல பதில் எங்கள் ஊருக்குக் கிடைத்திருக்க முடியாது. பட்டணத்துக்குக் கொடுக்காத ஒன்றைச் சர்க்கார் நமக்குக் கொடுத்திருக்கிறது என்று ஆளாளுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். வீட்டில் டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டுப் பார்க்குக்கு வந்தார்கள். பெஞ்சில் இடம் போதாமல் பெண்கள் வீட்டு வாசல்களில் நின்று கேட்டார்கள். செய்தி நேரத்தில் மாமா அணைத்துவிட்டு, வோல்டேஜ் இல்லை என்பார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வருஷம் செய்தி என்றாலே எங்கள் பக்கத்தில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். விசாரணைக்கு வரும் போலீஸ் ஜீப்பைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தார்கள். பாட்டே போதும் என்றிருந்தது.

ஆனால் எந்தப் பாட்டு என்பதில்தான் ஊர் இரண்டாகப் பிரிந்தது. எல்லாமே எண்பத்து நாலிலிருந்து ஆறு வரை வந்த பாட்டு. புதிதும் இல்லை, பழையதும் இல்லை. எலக்ட்ரானிக் டிரம் அப்போதுதான் வந்த புதிது, ஆகையால் தாலாட்டில்கூட ஒரு டிஸ்கோ அடி கேட்கும். அறிவிப்பாளருக்கு ஏன் இந்த மூன்று வருஷத்தின் மேல் இத்தனை ஆசை என்று ஆராய்ச்சி நடந்தது. டீக்கடைக்காரர் அறிவிப்பாளர் கட்சி. அந்தப் பாட்டுகள் வந்த வருஷங்களில்தான் அவர் கடை போட்டிருந்தார். எதிர்க்கட்சிக்குத் தலைவர் என் அப்பா.

"தகரக் கடைல மாடு பூந்த மாரி கீது. இத பாட்டுன்னு போடறாங்க பாரு," என்பார் அப்பா.

"உனக்கு வயசாயிடுச்சுபா. எனக்கு டீ ஆத்தற கை தானா ஆடுது," என்பார் டீக்கடைக்காரர்.

"ஆடும், ஆடும். டீ பாதி தரையில பூடுது."

பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் இரண்டிலும் சேரவில்லை. பாட்டு வரும்போது காதைக் குடைந்துகொண்டு, அறிவிப்பாளர் பேசும்போது மட்டும் கண்ணை மூடிக் கேட்பார். ஒரு நாள் அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது எங்கள் சிவப்புக் கோழி கொக்கரித்தது பதிவாகி, ஊர் முழுக்க ஒலித்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கோழியைத் துரத்திப் பிடிக்காத தெருவே இல்லை எங்கள் ஊரில். வாத்தியார் கண்ணைத் திறக்காமலே, "கிராம நிகழ்ச்சி இல்லையா? இயற்கையா இருக்கணும்னு சேத்திருக்காங்க" என்று விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அப்பா பார்க்கில் திட்டியதையெல்லாம் நான் வந்து அம்மாவிடம் ஒப்பிப்பேன். அவள் சிரிப்பாள். மறுநாள் பதிவில், 'பழைய பாடல்களை விரும்பும் அன்பர்கள் சற்றே பொறுமை காக்க வேண்டுகிறோம்' என்று ஒரு வரி சேர்ந்துவிடும். எங்கள் ஊரிலிருந்து யாரோ தபால் போட்டிருக்கிறார்கள் என்று நேயர்கள் தங்களுக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். அம்மா அந்த நாட்களில் தலையில் பூ வைத்துக்கொண்டாள். காய் நறுக்கும்போது பாடினாள். கல்யாண வீட்டுக் குஷி என்று நான் நினைத்தேன்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த அப்பா, கையைச் சோற்றில் வைத்தபடியே சொன்னார்:

"பாட்டுதான் கண்றாவி. ஆனா அந்தம்மா பேசறது கீதே, அது மட்டும் நாளெல்லாம் கேக்கலாம். பாட்டே போடாம பேசிக்கினு இருந்தாகூட தேவல."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். அது தட்டில் நிறைந்து தரையில் வழிந்தது. "கவனம் எங்க கீது?" என்று அப்பா அதட்டினார். அவள் குனிந்து துடைத்தாள். அன்று அவள் சாப்பிடவே இல்லை என்று ஞாபகம்.

மறுநாள் மத்தியானம் மாமா கேசட்டை எடுத்துக்கொண்டு அவசரமாகப் போய்விட்டார். கேட்டுப் பார்க்கவில்லை. சாயந்திரம் பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பாட்டு முடிந்ததும் அந்தக் குரல் வந்தது.

"பாடலே வேண்டாம், நீங்கள் பேசிக்கொண்டிருந்தாலே போதும் என்று நேயர் ஒருவர் கூறியிருக்கிறார். இத்தனை நாளில் என்னிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. அவருக்கு என் நன்றி."

பார்க்கே கொல்லென்று சிரித்தது. எவன்யா அவன், பாட்டு வேணாங்கறவன் என்று டீக்கடைக்காரர் கத்தினார். ஆளாளுக்கு ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். அப்பா சிரிக்கவில்லை. தலையைத் தூக்கி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பாட்டு வந்து, முடிந்து, அதற்கடுத்த பாட்டும் வந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை.

பிறகு துண்டை உதறிக்கொண்டு எழுந்து, "இந்த வெள்ளிக்கெழம எனக்கு வார லீவு. நேர்ல போயி ஸ்டேஷன்லயே இத இன்னான்னு கேட்டுக்கினு வந்துர்றேன்" என்றார். எதிர்க்கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள்.

பூட்டிய அறைக்குள் மாமாவுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறத்தில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்ட? உன் வூட்டுக்காரரு ஸ்டேஷனுக்குப் போனா அப்டி ஒரு நிகழ்ச்சியே இல்லன்னுடுவாங்க. என் வேல பூடும். கல்யாணம் நின்னுடும்."

"வாய்ல வந்துட்ச்சிடா," என்றாள் அம்மா. இடது கையால் தாலிக்கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றாள். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. பத்திரிகை கொடுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அதைக் கல்யாணத்துக்குத்தான் போடுவார். நான் பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மா அன்று பதிவு செய்யவில்லை. மாமா, சாயந்திரத்துக்குள் ஊரைவிட்டு ஓடிவிடலாமா என்று இரண்டு முறை கேட்டார். நானும் என் பங்குக்கு எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். பஸ் ரிப்பேராகி அப்பா கிண்டியிலேயே நின்றுவிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

பஸ் ஒன்றும் ரிப்பேராகவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அப்பா ரோட்டில் இறங்கி, வீட்டுக்கு வராமல் நேரே பார்க்குக்கு நடந்தார். நானும் அம்மாவும் பின்னாலேயே ஓடினோம். அம்மா பார்க் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே மாமா ஏதோ பழைய கேசட்டைப் போட்டிருந்தார். அப்பாவைக் கண்டதும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. பாட்டு பாதியில் நின்றது.

"போனியா? இன்னா சொன்னாங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு தடவை ரேடியோ அறையின் மூடிய கதவைப் பார்த்தார். ஒரு தடவை கூட்டத்துக்கு வெளியே நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"போனேன். பெரிய ஆபீசர பாத்தே பேசினேன். நல்ல அறிவிப்பாளராம். அதனால டெல்லிக்கு மாத்திட்டாங்களாம். இன்னும் ஒரு வாரந்தான் பேசுவாங்க. அதுவரிக்கும் இன்னா பாட்டு போட்டாலும் வாய மூடிக்கினு கேளுங்க. சொல்லிட்டேன்."

டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு, "டெல்லிக்கா?" என்று பரிதாபமாகக் கேட்டார். வாத்தியார், தகுதியுள்ளவர்களை நம் ஊரில் விட்டுவைக்க மாட்டார்களே என்று நொந்துகொண்டார்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அம்மாவின் காதை இழுத்து, "ஸ்டேஷன்காரங்க அப்பாவ நல்லா ஏமாத்தி அனுப்பிட்டாங்கம்மா" என்றேன். இல்லாத ஒருத்தியை எந்த ஆபீசராலும் டெல்லிக்கு மாற்ற முடியாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை. அம்மா ஒரு கையால் என் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இருட்டில் தெரியவில்லை.

அந்த ஒரு வாரமும் எங்கள் ஊரில் சண்டையே இல்லை. எண்பத்து நாலும் ஐந்தும் ஆறும் தங்குதடையில்லாமல் ஒலித்தன. யாராவது பேச்சுக்கு நடுவே இருமினால் அப்பா திரும்பி முறைப்பார். கடைசி நாள் அறிவிப்பாளர் விடைபெற்றபோது வாசல்களில் நின்ற பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மாமா கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. சாமான் வந்து, பெட்டி சரியாகி, நிஜ நிலையத்தின் குரல்கள் வந்தபோது, பழைய அம்மா மாதிரி இல்லை என்று ஊரே சலித்துக்கொண்டது. பார்க்குக்கு வரும் கூட்டம் குறைந்தது.

முதலில் வருவதை நிறுத்தியவர் அப்பாதான். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். சமையலறை நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். அம்மா ரேஷன் கடையில் நடந்த கதையைச் சொல்லுவாள், கோழி அடைகாத்த கதையைச் சொல்லுவாள், ஒரகடத்துச் சம்பந்தியின் அலட்டலைச் சொல்லுவாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், முடிகிறவரை கேட்பார். முடிந்ததும், "அப்புறம்?" என்பார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். டெல்லிக்குப் போன அந்த அறிவிப்பாளரை மறக்க முடியாமல், மனுஷன் வேறு வழியில்லாமல் அம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.